எட்டு முனை அழைப்பிதழ்

ஸுப்ரியா கொச்சியில், காக்கநாட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு விதி இருந்தது. பொத்தான், பெட்டி, படம் எதுவானாலும் அதன் மூலைகள் உருண்டிருக்க வேண்டும். ஒரு நாள் கூட்டத்தில் அவள் ஏன் என்று கேட்டாள். விரலுக்கு இதமாக இருக்கும் என்றார் மேலாளர். விரல் படுவது கண்ணாடியில்தானே, பொத்தானில் இல்லையே என்றாள் ஸுப்ரியா. நாலு பேர் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குத் திறமை உண்டு, ஆனால் ஆள் கொஞ்சம் குத்துகிறாய், ஓரங்களைத் தேய்த்துச் சரிசெய்துகொண்டால் நன்றாக வருவாய் என்று பரிவாகச் சொன்னார். உங்களைத் தேய்த்த தேய்ப்பில் எந்தப் பக்கம் வைத்தாலும் உருண்டு போகிறீர்கள், எனக்கு அந்தக் கதி வேண்டாம் என்றாள் அவள். அந்த மாதத்தோடு வேலை போயிற்று. போயிற்றா, அவளே விட்டாளா என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அதன்பிறகு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு காலத்தில் சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு கிடங்கின் முன்பகுதியை எடுத்து, அச்சுக்கடை போட்டாள். கடைக்கு ‘முன’ என்று பெயர் வைத்தாள். மலையாளத்தில் அது முனைதான். ஆனால் பலகையில் தமிழிலும் எழுதியிருந்ததால், தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்து முதல் வேலையாக ஓர் எழுத்து விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஸுப்ரியாவின் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

அந்தக் குறையைத் தீர்க்க கற்பகம் இருந்தாள். சிவகாசியில் காலண்டர் வேலை பார்த்தவள், கணவனுக்கு எறணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தவள். கடையில் அவளும் ஒரு பங்குதாரர். தமிழ்ப் பிழை பார்ப்பதும் அவள்தான், அட்டை வெட்டும் இயந்திரமும் அவள் பொறுப்புத்தான். கற்பகம் வயதில் மூத்தவள் என்பதால் ஸுப்ரியா அவளை அக்கா என்பாள். கொச்சிக்கு வந்தபின் எல்லாரையும் சேச்சி என்று கூப்பிடப் பழகிவிட்ட கற்பகம், ஸுப்ரியாவைச் சேச்சி என்பாள். வாடிக்கையாளர்களுக்கு இவர்களில் யார் மூத்தவர் என்பது புரிந்ததே இல்லை. முதல் வாரத்தில் ஒரு விசிட்டிங் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸுப்ரியா, இதற்கு இன்னும் கொஞ்சம் மூர்ச்ச வேண்டும் என்றாள். மலையாளத்தில் அது கூர்மை. கற்பகம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஸுப்ரியா செய்யும் அட்டைகளின் மூலைகள் கத்தி மாதிரி இருக்கும். தங்கும் விடுதிக்காரர்களும் பழம்பொருள் கடைக்காரர்களும் அதை விரும்பித்தான் வந்தார்கள். அவள் பேச்சும் அதே வார்ப்புத்தான் என்பது தெரிந்தவர்கள், அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பிச்சுமணி மாமா கடைக்கு வந்தார்.

பிச்சுமணி நெடுங்காலம் மிளகுத் தரகு பார்த்து ஓய்ந்தவர். ஸுப்ரியாவின் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். அவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. விற்பவனிடமும் ஆகட்டும், வாங்குபவனிடமும் ஆகட்டும் என்று சொல்லியே தொழிலை நடத்தியவர். அடுத்த மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அழைப்பிதழ் அடிக்க வேண்டும். அதில் ஒரே ஒரு சிறிய சங்கதி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சங்கதி இதுதான். அவர் மனைவி அம்மிணிக்கு இரண்டு சகோதரர்கள். மூத்தவர் விஸ்வேஸ்வரன், ஒரு கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று மட்டாஞ்சேரியிலேயே இருப்பவர். இளையவர் ஸ்ரீநாத், இடப்பள்ளியில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கடை வைத்திருப்பவர். ஸ்ரீநாத் அந்தக் கடையைத் திறந்த அன்று அண்ணாவை நாலு வார்த்தை பேசச் சொன்னார். அண்ணா மைக்கைப் பிடித்து, தம்பி பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் கணக்கில் தோற்றவன், அதனால் பில்லை எல்லாரும் வீட்டுக்குப் போய் ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். கூட்டம் சிரித்தது. ஸ்ரீநாத் அதை மறக்கவில்லை. பிறகு விஸ்வேஸ்வரனின் ஓய்வு விழாவில் மாலை போட்டுவிட்டு, ஓய்வு என்றதும்தான் அண்ணா இத்தனை நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே எங்களுக்குத் தெரிந்தது என்றார். அதற்கும் கூட்டம் சிரித்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது அழைப்பிதழில் தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று இருவரும் சொல்கிறார்கள். மூத்தவன் நான் என்கிறார் ஒருவர். எல்லாக் காரியத்துக்கும் ஓடி வருகிறவன் நான் என்கிறார் மற்றவர்.

“நீங்க என்ன சொன்னேள் மாமா?” என்று கேட்டாள் ஸுப்ரியா.

“ரெண்டு பேர்கிட்டயும் ஆகட்டும்னேன்.”

அப்படியானால் இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள், தகராறு தீர்ந்தது என்றாள் அவள். பிச்சுமணி புன்னகை செய்தார். இரண்டு விதமாக அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள் என்றாள் கற்பகம். அவர்கள் ஊரையெல்லாம் சுற்றிவந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களே என்றார் அவர். பெயரை ஓரமாகப் போட்டால் ஓரங்கட்டிவிட்டாய் என்பார்கள், கீழே போட்டால் காலடியில் போட்டாய் என்பார்கள். யாரும் யாருக்கும் முன்னால் இல்லாமல், எல்லாரும் முன்னால் இருக்கிற மாதிரி ஏதாவது செய்து தா என்று கேட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

அன்று மாலை முழுக்க ஸுப்ரியா காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே இருந்தாள். வட்டமாகப் போடலாம் என்று கற்பகம் சொன்னபோது, வட்டம் என்ற சொல்லே தன் கடையில் கேட்கக் கூடாது என்றாள். கடைசியில் ஒரு நட்சத்திரம் வந்தது. எட்டு முனை. நடுவில் ஒரு கோலம், கோலத்துக்குள் தம்பதியின் பெயர். அதைச் சுற்றி வளையமாக நாள், நேரம், மண்டபம். எட்டு முனையிலும் அழைப்பவர்களின் எட்டுப் பெயர். மேல் என்றும் கீழ் என்றும் கிடையாது. எந்தப் பெயரைப் படிக்க வேண்டுமோ அதற்கேற்ப அட்டையைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். விஸ்வேஸ்வரனையும் ஸ்ரீநாத்தையும் நேரெதிர் முனைகளில் வைத்தாள். ஒருவர் பெயர் நேராக இருக்கும்போது மற்றவர் பெயர் தலைகீழாக இருக்கும்.

பலகையில் கத்திப் பட்டையை வளைத்துப் பதித்து, அட்டையை வெட்டும் அச்சு செய்தார்கள். தடித்த அட்டைதான் வேண்டும் என்று ஸுப்ரியா பிடிவாதம் பிடித்தாள். மெல்லிய அட்டையில் முனை நாக்கைத் தொங்கப் போட்டுவிடும் என்பது அவள் வாதம். முதல் அட்டையை எடுத்தபோது கற்பகத்தின் கட்டைவிரலில் ஒரு துளி இரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் விரலைச் சப்பிக்கொண்டே, பத்திரிகை வைக்கப் போற எடத்துல கூடவே பஞ்சும் டிஞ்சரும் வைக்கச் சொல்லணும் என்றாள்.

மாதிரி பார்க்கப் பிச்சுமணி வந்தார். முனையைத் தடவினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “நன்னாருக்கு, நன்னாருக்கு” என்று சொல்லிவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். அது பையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் தலைகாட்டியது. அதைப் பார்த்தும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

அட்டைகளை வாங்கிப் போக அம்மிணி மாமியே வந்தாள். குள்ளமாக, வெண்ணெய் உருண்டை மாதிரி இருப்பாள். குரல் எழுப்பிப் பேசி யாரும் கேட்டதில்லை. முனைகளில் மஞ்சள் தடவிக் கவரில் போடும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சாதாரணப் பத்திரிகைக்கு நாலு மூலை தடவினால் போதும், இதற்கு எட்டு, மாமிக்குச் சிரமம் என்றாள் கற்பகம். மாமி ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்ல மூர்ச்ச” என்றாள். அவ்வளவுதான்.

அழைப்பிதழ் ஊருக்குள் போனதும் செய்திகள் வர ஆரம்பித்தன. வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஒருவர் அதைப் பின்பையில் வைத்தபடி உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். ஒரு மாமியின் பட்டுப்புடவையில் நூல் இழுத்துவிட்டது. பிச்சுமணியின் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர், டிசம்பர் வர இன்னும் நாள் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே அதை வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்டார். ஆனால் பார்த்தவர்கள் யாரும் அதைக் குப்பையில் போடவில்லை. இப்படி ஒரு பத்திரிகை பார்த்ததில்லை என்று கடைக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. ஸுப்ரியா அந்த ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தாள்.

சனிக்கிழமை மாலை விஸ்வேஸ்வரன் கடைக்குள் நுழைந்தார். கையில் கைக்குட்டையில் பொதிந்த அழைப்பிதழ். பலகையில் எழுத்து விழுந்ததைக்கூடச் சொல்லாமல், பொதியை மேஜையில் வைத்துப் பிரித்தார்.

எட்டு முனைகளில் ஏழு முழுசாக இருந்தன. விஸ்வேஸ்வரன் என்ற பெயர் இருந்த முனை மட்டும் நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக இருந்தது. பெயரின் கடைசி எழுத்து பாதி போயிருந்தது.

“நோக்கு என் மேல என்ன விரோதம்? மங்கள காரியத்துக்கு மூளியா ஒரு கார்டு. அதுவும் என் பேருள்ள எடத்துல. அவன் சொல்லித்தானே செஞ்சே?”

எவன் என்று ஸுப்ரியா கேட்பதற்குள் அவனே வந்துவிட்டான். ஸ்ரீநாத் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தவர், அண்ணாவைக் கண்டதும் சுவரில் ஒட்டியிருந்த மாதிரி அட்டைகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வந்தவருடைய காரியம் முதலில் முடியட்டும், நான் காத்திருக்கிறேன் என்று கற்பகத்திடம் சொன்னார். காத்திருக்க வேண்டியதில்லை, அவர் செய்யச் சொன்னதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று கற்பகத்திடம் சொன்னார் விஸ்வேஸ்வரன். நான் என்ன சொன்னேன் என்று அவரிடம் கேள் என்றார் ஸ்ரீநாத். என் முனையை வெட்டச் சொன்னதை அவரிடம் சொல் என்றார் விஸ்வேஸ்வரன். வெட்டுப்பட்டது யார் முனை என்று அவர் வந்து பார்க்கட்டும் என்றார் ஸ்ரீநாத்.

இருவருக்கும் நடுவே நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்த கற்பகத்துக்குக் கழுத்து வலித்தது. அவள் ஸ்ரீநாத்தின் கையிலிருந்த கவரைப் பிடுங்கி, உள்ளே இருந்ததை எடுத்து, மேஜையில் முதல் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதிலும் ஏழு முனைகள் முழுசாக இருந்தன. விஸ்வேஸ்வரன் முனை ஈட்டி மாதிரி நின்றது. வெட்டுப்பட்டிருந்தது ஸ்ரீநாத்.

வெளியே ஒரு ஆட்டோ திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. விஸ்வேஸ்வரன் குனிந்து இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கற்பகத்தைப் பார்க்காமல், நேராகவே கேட்டார்.

“நோக்கும் வெட்டிட்டாளாடா?”

“ஆமாண்ணா” என்றார் ஸ்ரீநாத்.

ஸுப்ரியா இதற்குள் இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துப் பார்த்திருந்தாள். இயந்திரத்தில் வெட்டிய விளிம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது கத்திரிக்கோல் வேலை, அதுவும் அடுக்களைக் கத்திரிக்கோல். வெட்டிய இடத்தில் மஞ்சள் படிந்த ஒரு பெருவிரல் ரேகை இரண்டு அட்டையிலும் ஒரே மாதிரி பதிந்திருந்தது. கடையில் மையுண்டு, பசையுண்டு, மஞ்சள் கிடையாது. அதை எடுத்துச் சொல்ல அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

ஆனால் அண்ணனும் தம்பியும் அவளைக் கவனிக்கவில்லை. இப்படியும் ஒரு பெண் உண்டா என்று ஒருவர் கேட்க, அவளுக்குக் காக்கநாட்டில் வேலை போனதே வாயால்தான் என்று மற்றவர் சொன்னார். அப்படியா, எனக்குத் தெரியாதே என்றார் விஸ்வேஸ்வரன். உனக்கு யார் சொல்லுவா, நீதான் யாரோடயும் பேசறதில்லையே என்றார் ஸ்ரீநாத். நீ மட்டும் பேசினியாக்கும் என்றார் அண்ணா. இரண்டு தலைகளும் அட்டைக்கு மேலே கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன.

ஸுப்ரியா வாயை மூடினாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம், தாடையே வலித்தது. மறுபடி திறந்தபோது வேறொன்று வந்தது.

“நான்தான் வெட்டினேன். ரெண்டு பேருக்கும் முனை கொஞ்சம் கூடுதல்னு தோணித்து.”

கற்பகம் கையிலிருந்த அளவுகோலைக் கீழே போட்டாள். அதன்பிறகு நடந்ததைக் கடைக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர்களும் கேட்டார்கள். இந்தக் கடையில் இனி நம் ஆட்கள் யாரும் அடியெடுத்து வைக்கக் கூடாது என்று அண்ணா சொல்ல, நம் சமூக மண்டபத்து உற்சவ நோட்டீஸும் அச்சுக்கு இங்கே வராது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பி முடித்தார். அண்ணா தடுமாறிப் படியிறங்கியபோது தம்பி கையைக் கொடுத்தார். எதிர்ப்பக்கத்து டீக்கடையில் இரண்டு சாயா வாங்கி, நின்றபடியே குடித்தார்கள். அவ்வப்போது ‘முன’ பலகையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு ஸ்ரீநாத்தின் காரில் ஏறிப் போனார்கள்.

“நீங்க வெட்டலியே சேச்சி, ஏன் பழிய ஏத்துக்கிட்டீங்க?” என்றாள் கற்பகம். ஸுப்ரியா இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அம்மிணி அடுக்களையில் ஓலனுக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸுப்ரியா அட்டைகளை அவள் முன்னால் வைத்தாள். மாமி அதைப் பார்த்தாள், பிறகு தன் பெருவிரலைப் பார்த்தாள், பிறகு பூசணியை நறுக்கினாள்.

“ரெண்டு பேரும் வந்தாளா?” என்று கேட்டாள்.

ஒரே நேரத்தில் வந்தார்கள் என்றாள் ஸுப்ரியா. தெரியும் என்றாள் மாமி. இருவரும் தனித்தனியாகப் போன் செய்து கத்தியபோது, எனக்கு ஒன்றும் தெரியாது, அச்சுப் போட்டவளைக் கேள், சனிக்கிழமை சாயங்காலம்தான் அவள் கடையில் இருப்பாள் என்று இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னது அவள்தான்.

“பேசினாளா?”

“பேசினா. சாயா குடிச்சா. ஒரே வண்டியில போனா.”

மாமி கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ஸுப்ரியா நாலு கடுமையான வாக்கியங்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அதில் முதலாவதைக்கூட எடுக்க முடியவில்லை.

“ஓணத்துக்கு ஸ்ரீநாத் காலம்பற வருவான், அண்ணா சாயங்காலம் வருவா. பிரதமன் பாயசம் ரெண்டு தடவை காய்ச்சணும்” என்றாள் மாமி. “அவன் சொன்னதை அண்ணாகிட்ட சொல்லணும், அண்ணா சொன்னதை அவன்கிட்ட சொல்லணும். சொன்னபடியே சொன்னா குத்திக் கொன்னுப்பா. அதனால முனையெல்லாம் வெட்டி வெட்டித்தான் ரெண்டு பக்கமும் கொடுத்துண்டிருந்தேன். கை அசந்துபோச்சு. ஒரு தடவை நெஜமாவே வெட்டிப் பார்த்தா என்னன்னு தோணித்து. எனக்கு அத்தனை விஷமம் இருந்தது, கேட்டியா.”

மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். தமிழில் அது வேறு. மாமி எந்த மொழியில் சொன்னாள் என்று ஸுப்ரியாவுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. அவள் முகத்தில் இரண்டும் இருந்தன.

அதெல்லாம் சரி, என்னை ஏன் மாட்டிவிட்டீர்கள் என்று கேட்டாள் ஸுப்ரியா. மாமி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“நோக்கு நாக்குக் கூர்மைன்னு ஊருக்கே தெரியுமே. நீ வெட்டினேன்னா யாரும் ரெண்டாம் தரம் கேட்கமாட்டா. நான் வெட்டினேன்னா யார் நம்புவா?”

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் தன் பேச்சைத் தான்தான் ஓர் ஆயுதமாக வைத்திருப்பதாக அவள் எண்ணியிருந்தாள். அதை இன்னொருத்தி சத்தமில்லாமல் எடுத்து உபயோகித்துவிட்டு, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. உற்சவ நோட்டீஸ் போனது போனதுதானா என்று கேட்டாள். அது எங்கேயும் போகாது, மண்டபத்துச் செயலாளரின் மனைவி என் பஜனைக்கூட்டம்தான், நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றாள் மாமி. பிறகு ஓலன் ஆகும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

அறுபதாம் கல்யாணத்தன்று மண்டப வாசலில் விஸ்வேஸ்வரனும் ஸ்ரீநாத்தும் ஒரே கரை போட்ட வேஷ்டியில் நின்று வந்தவர்களை வரவேற்றார்கள். வந்தவர்களிடமெல்லாம் தங்கள் முனை வெட்டுப்பட்ட கதையைச் சொன்னார்கள். அண்ணா ஆரம்பிப்பார், தம்பி முடிப்பார். ஸுப்ரியாவும் கற்பகமும் உள்ளே நுழைந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விருந்தினர்களில் பாதிப் பேர், தங்கள் விரலில் எந்த இடத்தில் குத்தியது என்று ஸுப்ரியாவைத் தேடி வந்து காட்டினார்கள். அதில் குறையைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

ஹோமம் முடிந்தது, கலசத் தண்ணீர் ஊற்றி முடிந்தது. அடுத்தது மாலை மாற்றல். கல்யாணப் பெண்ணை மாமன்மார் தூக்குவார்கள் அல்லவா, அதே மாதிரி அம்மிணியை அவள் சகோதரர்கள் தூக்க வேண்டும் என்று கூட்டத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள். இளசுகள் கைதட்ட ஆரம்பித்தன. விஸ்வேஸ்வரன் மேல்வேஷ்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அண்ணா, நீ தள்ளிக்கோ. உன் முதுகு தாங்காது” என்றார் ஸ்ரீநாத்.

“ஃப்ரிட்ஜ் தூக்கிப் பழகினவன்னு காட்டணுமாக்கும்” என்றார் விஸ்வேஸ்வரன்.

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். ஸ்ரீநாத்தின் காது சிவந்தது. பிச்சுமணி இரண்டு பக்கமும் பார்த்து, ஆகட்டும் ஆகட்டும் என்றார். அம்மிணி ஈரப்புடவையில் நின்றபடியே கூட்டத்துக்குள் கண்களால் தேடி, ஸுப்ரியாவைக் கண்டுபிடித்து, அவளையே பார்த்தாள்.

ஸுப்ரியாவின் வாயில் ஒரு முழு லட்டு இருந்தது. அதை அவசரமாக விழுங்கிவிட்டு முன்னால் போனாள். இந்த வயதில் இவர்களுக்கு இது வேண்டாத வேலை, ஒருவர் தூக்கினாலும் மாமி விழுவாள், இருவர் தூக்கினாலும் விழுவாள், அதற்குப் பதில் நானும் கற்பகம் அக்காவும் தூக்குகிறோம், இரண்டு மாமாக்களும் ஓரமாக உட்கார்ந்து விசிறிக்கொள்ளட்டும் என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கற்பகம் விஷயம் புரிந்தவளாகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இவங்களுக்குக் குத்துவெளக்கத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும் என்று சேர்த்துக்கொண்டாள்.

“டா ஸ்ரீநாத், நாற்காலியைக் கொண்டா” என்றார் விஸ்வேஸ்வரன்.

நாற்காலி வந்தது. அம்மிணியை அதில் உட்கார வைத்து, அண்ணா ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்கினார்கள். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, தோளுக்கு ஏறியது. மண்டபம் ஆரவாரித்தது. பிச்சுமணியைத் தூக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர் கீழே நின்று கையில் மாலையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. ஒரு குதி குதித்தார். மாலை நாற்காலியின் காலில் மாட்டியது. இறக்கிவிடட்டுமா என்று ஸ்ரீநாத் மூச்சு வாங்கக் கேட்டார். வேண்டாம், எனக்குக் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று மேலிருந்து சொன்னாள் அம்மிணி. ஆகட்டும் என்றார் பிச்சுமணி.

மறுநாள் காலை அண்ணனுக்கும் தம்பிக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரே காரில், ஒரே வைத்தியரிடம் போனார்கள். போகும் வழியெல்லாம் ஸுப்ரியாவைத் திட்டிக்கொண்டே போனதாக, அன்று மத்தியானம் அம்மிணி மாமி போன் செய்து, மிகவும் திருப்தியாகச் சொன்னாள்.